நொய்யல் கொடுத்த விலை

வேலைவாய்ப்பா, ஆறா என்று கேட்டால் பெரும்பாலோர் தயங்காமல் வேலை என்பார்கள். பசித்த வயிற்றுக்கு முன்னால் ஆற்றுக்காக வாதாடுவது எளிதல்ல. ஆனால் அந்தக் கேள்வியே சரிதானா என்று யோசிக்க வைக்கிறது திருப்பூர் நொய்யல் ஆற்றின் கதை.

பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். அதுவும் மூட்டை மூட்டையாக வேண்டும். சாயத்தில் பெரும்பகுதியைத் துணி வாங்கிக்கொள்ளும். உப்பு கழிவுநீரோடு போய்விடும். சாதாரணச் சுத்திகரிப்பில் நிறம் நீங்கும், உப்பு நீங்காது. பார்வைக்குத் தெளிந்த அந்த நீர் பாய்ந்தால் மண் உவர்த்துப்போகும். பாசனத்துக்கென்று நொய்யலின் குறுக்கே 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் இடமாயிற்று. அணை நீருக்காகக் காத்திருந்த ஆயக்கட்டு விவசாயிகளே ஆற்றைக் காப்பாற்றச் சொல்லி நீதிமன்றப் படியேற வேண்டியதாயிற்று.

சாயப்பட்டறைக்காரர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பலர் கூலிக்குச் சாயம் போட்டுத் தருபவர்கள். வானம் பார்த்த பூமியை விட்டு வந்த குடும்பங்களுக்குச் சோறு போட்டது பனியன் தொழில். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, கழிவு எங்கே போகிறது என்பதை ஒருநாளும் முடிவு செய்யாத தொழிலாளிதான் முதலில் கூலி இழந்தார்.

ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு. பட்டறையின் லாபத்திலும் கூலியிலும் பங்கு பெற்றவர்களுக்கு ஏதோ ஒரு பலன் கிடைத்தது. ஆற்றின் கீழ்ப்பகுதி விவசாயிக்கு ஏற்றுமதியில் பங்கும் இல்லை, யாரும் அவரிடம் சம்மதம் கேட்கவும் இல்லை. தன் செலவை அயலான் வயலில் இறக்கிவைப்பதற்குத் தொழில் வளர்ச்சி என்று பெயரிட்டாலும் அது அநீதிதான்.

மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் 1996இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அறம் இன்னும் ஒரு படி மேலே போய், பலன் பெறும் எல்லோரும் அந்தச் செலவில் பங்கேற்கச் சொல்கிறது. கழிவுநீரே வெளியேறாத முறைக்குத் திருப்பூர் மாறியபோது ஆர்.ஓ. வடிகட்டி, ஆவியாக்கி, விறகு, மின்சாரம் என்று செலவு கூடியது. எஞ்சும் கலப்பு உப்பை எங்கே வைப்பது என்ற தலைவலியும் சேர்ந்தது. அந்தச் செலவைச் சட்டைக்கு விலை வைக்கும் நிறுவனமும், மலிவு தேடும் நாமும் பகிர்ந்துகொள்ளாவிட்டால், சுமை மறுபடியும் ஏதாவதொரு ஆற்றின் தலையில்தான் விழும்.

சட்டையின் விலையில் ஆற்றைக் காக்கும் செலவும் சேர்ந்திருக்க வேண்டும். அதைக் கொடுக்க மனமில்லாதவருக்கு ஆறு செத்துவிட்டதே என்று புலம்ப உரிமையில்லை.