தொல்லை தீர்ந்தால் போதுமா?

என் வீட்டுக் கணினி ஒரு மழைக்காலத்தில் திடீர் திடீரென்று நின்றுபோகத் தொடங்கியது. நாவலின் பதினான்காம் அத்தியாயத்தில் கதாநாயகி தன் தகப்பனாருக்குப் பதில் சொல்ல வாயெடுப்பாள்; திரை நீலமாகும்; ஆங்கிலத்தில் ஏதோ வருத்தம் தெரிவிக்கும்; பிறகு இயந்திரம் தானாகவே அணைந்து, ஒன்றும் நடவாததுபோல் மறுபடி எழுந்து நிற்கும். ஒரு நாள் காலையில் மட்டும் இரண்டு முறை. அப்புறம் மூன்று நாள் ஒன்றுமில்லை. ஒரு நாள், நான் அறையிலேயே இல்லாதபோது.

அடியோடு கெட்டுப்போகும் பொருள்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. பல்பு எரியவில்லையென்றால் எரியவில்லை. வேறு வாங்கிப் போடுகிறோம். சில சமயம் ஒழுங்காகவும் சில சமயம் கோணலாகவும் நடக்கும் பொருள்தான் நம் மனத்தின் அழுக்கை வெளியே இழுத்துப் போடுகிறது. காரணம் தெரியாத இடத்தில் மனம் சும்மா இருப்பதில்லை. ஏற்கெனவே யார்மேல் மனத்தாங்கல் உண்டோ, அவர்மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது.

அப்போது என் அக்காள் மகன் எங்கள் வீட்டில் தங்கிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். நல்ல பையன். ஆனால் இரவு ஒரு மணி வரையில் அந்தக் கணினியில் விளையாடுவான். காலையில் நாற்காலி என் உயரத்துக்கு இருக்காது. இந்த நாற்காலி விஷயம் வெகு நாளாக என் மனத்தில் இருந்தது.

"எதையோ இறக்கிவைத்திருக்கிறாய். வைரஸ் புகுந்துவிட்டது" என்றேன்.

"இல்லை மாமா, நான் புதுசா ஒண்ணும் போடலை."

நான் நம்பவில்லை. கடவுச்சொல் போட்டுக் கணினியைப் பூட்டினேன். பூட்டிய நாளிலிருந்து பன்னிரண்டு நாள் அது ஒரு முறைகூட நிற்கவில்லை! இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? வீட்டில் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிக்காட்டினேன். பையன் எதிர்த்துப் பேசவில்லை. மாதக் கடைசியில் பெட்டியை எடுத்துக்கொண்டு கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான். இங்கிருந்து பஸ் சரியாக இல்லை என்று காரணம் சொன்னான்.

அவன் போன நாலாம் நாள் திரை மறுபடியும் நீலமாயிற்று.

பழுது பார்க்க வந்தவர் அதிகம் பேசாதவர். "கடைசியா என்ன சார் மாத்தினீங்க?" என்று கேட்டார். "ஒன்றுமே மாற்றவில்லை" என்றேன். பொய் சொல்வதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கணினி தனக்குள்ளே ஒரு நாட்குறிப்பு எழுதிவருகிறது என்று அவர் காட்டித்தான் தெரிந்துகொண்டேன். விண்டோஸில் 41 என்ற எண்ணுள்ள குறிப்பு ஒன்று உண்டு. முறைப்படி அணைக்கப்படாமல் இயந்திரம் மறுபடி தொடங்கியது என்று மட்டும் அது சொல்லும். ஏன் என்று சொல்லாது. நீலத் திரையோ ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பெயரைச் சொல்லியிருந்தது. "ஒரே ஆளைத் திரும்பத் திரும்பச் சொன்னா அந்த ஆளைப் பிடிக்கலாம். நாளுக்கு ஒரு ஆளைச் சொன்னா, சொல்றவன்கிட்டயே கோளாறு" என்றார் அவர். நாற்பது வருஷமாகக் கதாபாத்திரங்களைப் படைக்கிறேன். இந்த வாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை.

சாட்சி பொய் சொல்வது என் வீட்டில் மட்டும் நடந்ததன்று. இன்டெல் நிறுவனம் 2022-லும் 2023-லும் வெளியிட்ட பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறைச் செயலிகள் சிலவற்றில் விளையாட்டுகள் பாதியில் விழுந்தன. விழும்போது திரையில் வந்த செய்தி, கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்பது. அதைப் படித்தவன் கிராபிக்ஸ் கார்டைத்தானே சந்தேகிப்பான்? 2024-ல்தான் நிறுவனம் உண்மையைச் சொன்னது: செயலிக்குத் தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தம் போய்க்கொண்டிருந்தது, அதனால் செயலி நாளடைவில் தேய்ந்தது. உத்தரவாதக் காலத்தையும் இரண்டு வருஷம் நீட்டினார்கள். இதற்கிடையில் குற்றமற்ற எத்தனை கார்டுகள் கழற்றப்பட்டனவோ!

நான் அவசரப்பட்டேன். "எல்லாவற்றையும் மாற்றிவிடுங்களேன்" என்றேன்.

"மாத்திடலாம் சார், ஓடும். ஆனா எது கெட்டதுன்னு கடைசி வரைக்கும் தெரியாது. நல்ல சாமானையும் சேர்த்துக் குப்பையில போடுவீங்க."

தொல்லை நின்றால் போதுமா, யாரால் வந்தது என்று தெரியவும் வேண்டுமா? பெரும்பாலும் நமக்கு முதலாவது கிடைத்தால் போதும். ஆபீசில் பணம் குறைந்தால் நாலு பேரை வேலையிலிருந்து நிறுத்துகிறார்கள், அப்புறம் குறைவதில்லை, விசாரணையும் அதோடு முடிகிறது. நாலில் மூன்று பேர் திருடாதவர்களாக இருக்கலாம். அவர்கள் போனதும் திருட்டு நின்றது என்பதே அவர்களுக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது. என் பன்னிரண்டு நாளும் இந்த வகைச் சாட்சிதான்.

அவர் கடையிலிருந்து வேறொரு எஸ்.எம்.பி.எஸ். கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனார். மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் அந்தப் பெட்டிமேல்தான் முதல் சந்தேகம். மூன்றாம் நாள் மறுபடி நீலம். அவர் வந்தார், புதியதைக் கழற்றினார், என் பழைய பெட்டியையே எடுத்துத் துடைத்து அதன் இடத்தில் மாட்டினார். "இது நல்லதுதான் சார்" என்றார். அதற்குப் பிறகே அடுத்ததைத் தொட்டார். ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மாற்றியும் குறை தீராவிட்டால் பழையதைத் திரும்ப வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கணக்குக் குழம்பிப்போகும். அவருக்கு இது தொழில்முறை. எனக்கு நெஞ்சில் தைத்தது. குற்றமில்லை என்று தெரிந்ததும் பழைய இடத்தில் திரும்ப வைப்பது! பையன் விடுதிக்குப் போய் அப்போது பத்து நாளுக்கு மேலாகியிருந்தது.

அடுத்தது சூடு. மின்விசிறியில் தூசி பஞ்சுபோல் இருந்தது, துடைத்தார், குறை போகவில்லை. அடுத்தது ரேம், அதாவது நினைவகக் குச்சிகள். அவற்றின் பித்தளை நிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மாட்டினால் பாதி வியாதி தீர்ந்துவிடும் என்பது நம் ஊர்ப் பழக்கம், அதையும் செய்தார். பிறகு பென்டிரைவிலிருந்து ஒரு சோதனையை ஓடவிட்டு, "காலையில பாருங்க" என்று போய்விட்டார். நினைவகத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்றை எழுதி, எழுதியது அப்படியே இருக்கிறதா என்று திரும்பப் படித்துப் பார்க்கும் சோதனை அது. முதல் சுற்றில் குறையில்லை. இரண்டாம் சுற்றிலும் இல்லை. இரவு மூன்று மணிக்கு எழுந்து பார்த்தேன். திரையில் சிவப்பு வரிகள்.

எழுதுகிறவனுக்குப் புரியும்படி அந்தக் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒருங்குறியில் 'க' என்ற எழுத்தின் எண் 2965. 'அ'வின் எண் 2949. இரண்டும் இரும எண்களாக எழுதப்படும்போது ஒரே ஓர் இலக்கத்தில்தான் வேறுபடுகின்றன. நினைவகத்தில் அந்த ஓர் இலக்கம் புரண்டால், நான் எழுதிய 'கடல்' 'அடல்' ஆகிவிடும். அதுவும் நல்ல தமிழ்ச் சொல். யாரும் பிழையென்று சொல்லமாட்டார்கள். இயந்திரத்தின் சொந்தக் கட்டளையில் புரண்டாலோ அந்த இடத்திலேயே விழுந்துவிடும். குறையுள்ள கட்டம் எப்போது, யார் கைக்குப் போகும் என்பது நிச்சயமில்லை. அதனால்தான் நாளுக்கு ஒரு பெயர். அந்தப் பன்னிரண்டு நாளும் நான் சிறு கடிதங்கள் மட்டுமே எழுதினேன். நினைவகம் நிரம்பாததால் அந்தக் கட்டம் அனேகமாகத் தீண்டப்படவே இல்லை.

வானத்திலிருந்து வரும் கதிர்கள் இப்படி இலக்கங்களைப் புரட்டும் என்பது உண்மைதான். நம்மில் பலருக்கு அது விதியைப்போல் சௌகரியமான சமாதானம். ஆனால் கூகுளின் கணினிக் கூடங்களை ஆராய்ந்து 2009-ல் வெளிவந்த கட்டுரை, பெரும்பாலான பிழைகளுக்குக் குச்சியிலேயே நிலைத்திருக்கும் குறைதான் காரணமாகத் தெரிகிறது என்றது. பத்து லட்சம் வீட்டுக் கணினிகளை ஆராய்ந்து மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் 2011-ல் எழுதினார்கள்: வன்பொருள் குறையால் ஒரு முறை விழுந்த இயந்திரம் மறுமுறை விழும் வாய்ப்பு, சில வகைகளில், நூறு மடங்கு வரை கூடுகிறது. வானம் அப்படி ஒரே வீட்டைத் தேடித் தேடி வராது.

மறுநாள் அவர் குச்சிகளை ஒவ்வொன்றாக, ஒரே துளையில் மாட்டிச் சோதித்தார். நல்லதை மற்றத் துளையிலும் மாட்டிப் பார்த்துத் துளையின்மேல் இருந்த சந்தேகத்தையும் போக்கினார். பிறகு ஒன்றை என் கையில் கொடுத்தார். "இது எப்ப போட்டது சார்?"

நான் போட்டது. மூன்று மாதத்துக்கு முன் பழைய சாமான் கடையில் மலிவாக வாங்கி, நானே மூடியைத் திறந்து மாட்டியது. மாட்டிய அன்று வீட்டில் பெருமையடித்துக்கொண்டேன். என்ன மாற்றினீர்கள் என்று அவர் கேட்டபோது அது நினைவுக்கே வரவில்லை. என் கணக்கில் அது மாற்றம் அன்று, முன்னேற்றம்.

எல்லாவற்றையும் சந்தேகித்தவரிடம் ஏன் எனக்குக் கோபமில்லை என்று யோசித்துப் பார்த்தேன். எல்லாவற்றின்மேலும் சமமாக விழும் சந்தேகம் யாரையும் அவமதிப்பதில்லை. எனக்கிருந்தது ஒரே ஒரு சந்தேகம். அதுவும் நாற்காலியிலிருந்து வந்தது. குடும்பம் சோதனைச்சாலையாக முடியுமா என்று கேட்கலாம். முடியாதுதான். ஆஸ்பத்திரியில் ஓர் இயந்திரம் நின்றால் எல்லாவற்றையும் மாற்றி முதலில் ஓடவிட வேண்டியதே நியாயம். ஆனால் நோயாளி பிழைத்த பிறகாவது கழற்றிப்போட்டவற்றை எடுத்துப் பார்க்க வேண்டாமா? நான் பார்த்ததுகூடத் தொல்லை திரும்பி வந்ததால்தான். வராமலிருந்தால் இன்றும் அவன்தான் குற்றவாளி.

பையனுக்குப் போன் செய்து சொன்னேன். "அப்படியா மாமா" என்றான். அத்தியாயம் போய்விட்டதா, பத்திரமாக இருக்கிறதா என்று விசாரித்தான். திரும்பி வந்துவிடு என்றேன். விடுதிச் சாப்பாடு பழகிவிட்டது என்றான்.

பொங்கலுக்கு வந்திருந்தான். ரயில் டிக்கெட் பார்க்க வேண்டும் என்று கணினிக்கு முன் போனவன் நாற்காலியை இழுக்கவில்லை. நின்றபடியே என் பக்கம் திரும்பி, "தொடலாமா மாமா?" என்று கேட்டான்.