குறையும் அளவு சொல்வது

இஞ்சினை அணைத்த உடனே ஆயில் குச்சியை உருவிப் பார்ப்பதில் பயனில்லை. மேலே சுற்றிக்கொண்டிருந்த ஆயில் வடிந்து அடியிலுள்ள சம்ப்புக்கு வந்துசேரப் பத்து நிமிடமாவது ஆகும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்திவிட்டு அந்தப் பத்து நிமிடமும் சும்மா இருக்க வேண்டும். பராமரிப்பு வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தச் சும்மா இருத்தல்தான்.

காத்திருக்காதவர்களுக்கு அளவு குறைவாகத் தெரிகிறது. பதறி ஊற்றிவிடுகிறார்கள். குச்சியின் மேல்கோட்டை வெகுவாகத் தாண்டிய ஆயிலைச் சுழலும் கிராங்க் அடித்து நுரையாக்கும். பம்ப் அந்த நுரையை உறிஞ்சினால் பேரிங்குகளுக்கு ஆயிலோடு காற்றும் போகிறது. நிறைய ஊற்றியும் இஞ்சின் காய்கிறது.

*

பிரேக் ஆயிலைத்தான் நாம் மிகக் குறைவாகக் கவனிக்கிறோம். அது காற்றின் ஈரத்தை மெல்ல இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. சமவெளியில் ஓட்டும்வரை இது தெரியாது. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கும்போது தெரியும். ஆயில் கொதித்து ஆவியாகும்; ஆவி அமுங்கக்கூடியது; மிதித்த கால் அடிவரை போகும், வண்டி நிற்காது. டப்பாவில் அளவு சரியாக இருந்தாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்வது இதனால்தான். மூடி திறந்து அலமாரியில் கிடந்த பழைய பாட்டிலை நம்பவே கூடாது.

பிரேக் பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே நகர்கிறது, டப்பாவில் அளவு இறங்குகிறது. பேட்டைப் பாருங்கள் என்று வண்டி சொல்லும் விதம் அது. பேட்டையும் பார்க்காமல், கசிவையும் தேடாமல் நிரப்பிவிட்டால் அந்தச் செய்தி அழிந்துபோகிறது. பிறகு புதுப் பேட் போடும் நாளில் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் பொங்கி வழியும். பட்ட இடத்தில் பெயின்ட் உரியும். அவசரத்துக்கு அந்த டப்பாவில் இஞ்சின் ஆயிலை ஊற்றுவது இன்னும் கொடியது. உள்ளிருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும்.

*

கூலன்ட் குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றுவது நம் ஊர்ப் பழக்கம். அதன் உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைக்கிறது. கலந்தே விற்கும் கூலன்ட்டில் எதையும் சேர்க்க வேண்டாம். கலக்காமல் விற்பதில் டிஸ்டில்ட் வாட்டரைத்தான் கலக்க வேண்டும். சூடாக இருக்கையில் மூடியில் கை வைக்கக் கூடாது. அழுத்தத்தில் இருப்பதால் கூலன்ட் நூறு டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த கணத்தில் முகத்துக்குப் பாயும்.

குறைந்த கூலன்ட் எங்கேயோ போயிருக்கிறது. நிரப்பும் முன் குனிந்து வண்டிக்கு அடியில் பாருங்கள். அங்கே தேங்கி நிற்பதில் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் இருக்கும். அது இனிக்கும், அதனால் தெருநாய் நக்கும். கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் செயலிழந்து சாகும். மண்ணைப் போட்டு உறிஞ்ச வைத்து அள்ளிவிடுங்கள். வடித்த பழைய ஆயிலையும் கூலன்ட்டையும் சாக்கடையில் ஊற்றாமல் தனித்தனிக் கேனில் அடைத்து, பழைய ஆயில் சேகரிக்கும் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.