காணாத இடத்து வேலை

பிறர் கண்ணுக்கு எட்டாத இடத்தில் அரைகுறையாய்ச் செய்த வேலையை மறைத்து விற்பது ஏழாம் கற்பனைக்கு விரோதமா? "அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை, இதில் பொய் எங்கே?" என்பார் பலர். கேள்வியை ஒரு பழைய இராணுவ லாரியின் அடியில் வைத்துப் பார்ப்போம்.

ஜி.எம்.சி. கம்பெனியார் 1941 முதல் 1945 வரை அமெரிக்க இராணுவத்துக்காக 5 லட்சத்துக்கும் அதிகமான இரண்டரை டன் லாரிகளைச் செய்தார்கள். 1944-ல் பிரான்சு தேசத்தில் போர்முனைக்குப் பெட்ரோலும் உணவும் இவற்றில்தான் பெரும்பாலும் போயின. இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இவற்றைப் புதுப்பித்து ஓட்டுவோர் அநேகர். விற்பதும் வாங்குவதும் உண்டு.

இதன் ஆறு சிலிண்டர் இஞ்சினுக்கு அடியில் ஆயில் சம்ப் என்னும் தகட்டுச் சட்டி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே கார்க் பேக்கிங். அது வயது சென்று சுருங்கினால் எண்ணெய் சொட்டும். அதை மாற்றப் பெரிய வித்தை வேண்டாம், பொறுமை வேண்டும். எண்ணெயை வடித்து, போல்ட்களைக் கழற்றி, பழைய கார்க்கைத் துணுக்கும் மிஞ்சாமல் சுரண்டவேண்டும். முன்னொருவன் பலங்கொண்டமட்டும் முறுக்கியிருந்தால் துவாரங்களைச் சுற்றித் தகடு பிதுங்கியிருக்கும். அதைக் கட்டையில் வைத்துத் தட்டிச் சமமாக்காவிடில் புதுப் பேக்கிங்கும் ஒழுகும். பிறகு போல்ட்களைச் சுற்றிச் சுற்றிச் சிறிது சிறிதாய் இறுக்கவேண்டும். மிஞ்சினால் கார்க் நசுங்கிப் பிளந்துபோகும். மல்லாந்து படுத்து, கண்ணில் தூசி விழச் செய்யும் வேலை இது. கூலி கொடுப்பவரோ குனிந்துகூடப் பார்ப்பதில்லை!

சோம்பேறிக்கு வேறு வழியுண்டு. சுரண்டாமலே பசையை வாரிப் பூசி முடுக்கிவிடுவான். வெளியே பிதுங்கியதைத் துடைத்துப் பச்சைப் பெயின்ட் அடித்தால் சுத்தமாய்த் தோன்றும். உள்ளே பிதுங்கியதோ ஒருநாள் அறுந்து, ஆயில் பம்பின் சல்லடையை அடைக்கும். எண்ணெய் ஏறாத இஞ்சினில் பேரிங் கருகிப்போகும். அப்போது லாரி எந்த மேட்டில் நிற்குமோ, பின்னால் எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்களோ.

அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் 13-ம் நூற்றாண்டிலேயே இதை ஆராய்ந்தார். குதிரைக்கு ஒற்றைக் கண் என்றால் வாங்குகிறவனுக்கே தெரியும். விலையை அதற்குத் தக்கபடி குறைத்தால் போதும், வாய்திறந்து சொல்லக் கடமையில்லை. மறைவான பழுது நஷ்டத்தையோ ஆபத்தையோ விளைக்குமானால், விற்பவன் சொல்லியே தீரவேண்டும். இந்த அளவுகோலின்படி, எல்லாரும் பார்க்கச் சொட்டிக்கொண்டிருக்கும் லாரியை விலை குறைத்து விற்பவன் நியாயஸ்தன். பசை பூசிப் பெயின்ட் அடித்தவனே கள்ளன். "கேட்டால் சொல்லியிருப்பேன்" என்பது செல்லாது. கேட்கத் தோன்றாதபடி மூடியது அவனல்லவா?

தானே பூசாமல், முந்திய மெக்கானிக்கின் திருட்டு வேலையை அறியாமல் விற்றவன்? அவனுக்குப் பாவமில்லை. ஆனால் விஷயம் தெரியவந்த நாள்முதல் வாங்கினவனுக்கு ஈடுசெய்யக் கடன்பட்டவன் என்கிறார் அதே அர்ச்சியசிஷ்டவர். அறிந்து செய்தவனைப்பற்றிச் சொல்லவேண்டியதில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாட்படியிடுவதோடு அவன் காரியம் தீராது. சட்டியை மறுபடி இறக்கிச் சரிசெய்து கொடுக்கவேண்டும். இல்லையேல் அதற்காகும் செலவைப் பணமாய்க் கொடுக்கவேண்டும்.