அடைக்கலம் என்றொரு உறவு

சிலப்பதிகாரத்தில் கண்ணகிக்குக் கடைசிவரை உறவாக நின்றவர்கள் யார்? பெற்றவர்கள் அல்ல. கணவன் கோவலன் மதுரையில் கொலையுண்ட செய்தி சொந்த ஊரான புகாருக்கு எட்டியதும் அவன் தந்தை பௌத்தத் துறவியாகிறார், கண்ணகியின் தந்தை ஆசீவகரோடு சேர்கிறார், தாய்மார் இருவரும் உயிர் விடுகிறார்கள். நீர்ப்படைக் காதை இதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். கண்ணகியைத் தேடிச் சேர நாட்டு வஞ்சிவரை போகிறவர்கள் வாழ்த்துக் காதையில் வருகிறார்கள்: வளர்த்த செவிலித்தாய், தோழி தேவந்தி, கூட மதுரை இடைச்சி மாதரியின் மகள் ஐயை. ஒருத்திக்கும் அவளோடு ரத்த சம்பந்தம் கிடையாது.

மதுரை சிம்மக்கல்லில் என் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிறு மாலைகளில் தெருப்பிள்ளைகளோடு இந்தக் காப்பியத்தைத்தான் படிக்கிறோம். ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளைகள். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எல்லோருக்கும் பெரியம்மா, எந்த வழியில் பெரியம்மா என்று எவரும் கேட்டதில்லை. புதுமண்டபத்தில் புத்தகக் கடைகள் இருந்த காலத்தில் வாங்கிய உரைப்பதிப்பு கை மாறிக்கொண்டே இருக்கும். ஒருவர் வாசித்தால் அடுத்தவர் தன் பேச்சில் சொல்ல வேண்டும்.

அடைக்கலக் காதையில், மதுரைக்கு வழித்துணையாக வந்த கவுந்தியடிகள் செய்வதைக் கவனியுங்கள். அவர் சமணத் துறவி, பந்தங்களை அறுத்தவர். மாதரி கண்ணனைப் பாடும் ஆயர் குடி. மதுரை மதிலுக்கு வெளியே, இயக்கி என்ற தெய்வத்துக்குப் பால் படைத்துவிட்டுத் திரும்புகிறவளை நிறுத்தி, புகாரிலிருந்து நடந்தே வந்த வணிகர் வீட்டுப் பெண்ணை அவளிடம் ஒப்படைக்கிறார். கீழக்குயில்குடி சமணமலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய், செட்டிப்புடவில் சிங்கத்தின் மேலிருக்கும் இயக்கியைக் காட்டினேன். சிற்பம் காப்பியத்துக்குப் பிந்தியதுதான். ஆனாலும் மாடு மேய்க்கிறவளும் சமணத் துறவியும் ஒரே சாமியின் பேரால் ஒருவரையொருவர் நம்பியிருக்க முடியும் என்பது அந்தப் பாறையடியில் சட்டென்று புரிந்துவிடுகிறது.

மாதரி வீட்டில் நடப்பது இன்னும் அழகு. வந்தவர்கள் சமண நோன்பிகள், பொழுதோடு சாப்பிடுகிறவர்கள். அதனால் தன் சோற்றை அவள் திணிக்கவில்லை. புதுப் பாத்திரம், பலாக்காய், வெள்ளரி, மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், நெல்லரிசி, பால், நெய் என்று கொடுத்து, நீயே சமைத்துக்கொள் என்று விட்டுவிடுகிறாள். காய் நறுக்கிக் கண்ணகியின் விரல் சிவக்கிறது, முகம் வேர்க்கிறது. அடுப்புக்கு வைக்கோலைப் பற்றவைப்பது ஐயை. அவளைக் கண்ணகிக்கு நாத்தனார் முறையாக வைத்தே காப்பியம் பேசுகிறது. அப்படியானால் கோவலன் மாதரிக்கு மகன்.

பாசம் உயிரைக் கட்டும் தளை என்கிறது சைவ சித்தாந்தம். சமணமும் பற்றை அறுக்கத்தான் சொல்கிறது. பற்றறுத்த கவுந்தியோ, கோவலன் இறந்தது கேட்டு உண்ணாமலிருந்து உயிர் விடுகிறார். அடைக்கலத்தைக் காக்கத் தவறினேன் என்று மாதரி தீயில் விழுகிறாள். துறவுக்கு இது இழுக்கா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பற்று, 'இவள் என்னுடையவள்' என்று உரிமை கேட்கும். அடைக்கலம், 'இவளுக்கு நான் பொறுப்பு' என்று கடன் ஏற்கும். அறுக்க வேண்டியது முன்னதை; பின்னது இல்லாத துறவு வெறும் விலகல்.

இந்த வேறுபாடு கையில் இருந்தால்தான் வாழ்த்துக் காதையின் பெரிய புதிர் அவிழும். தெய்வமாகத் தோன்றும் கண்ணகி, பாண்டியன் குற்றமற்றவன், நான் அவன் மகள் என்கிறாள். புருஷனைக் கொல்லச் சொன்ன ராஜா! "அந்த ஆளைப் போயி அப்பான்னு சொல்றாளே, இவளுக்கு ரோஷமே இல்லையா?" என்று ஒரு பெண் கொதித்தாள். பக்கத்தில் இருந்த பையன்தான் பதில் சொன்னான்: "தப்புன்னு தெரிஞ்ச நிமிஷமே அவன் சாக்குச் சொல்லலையே. செத்துல்ல போனான்." பாண்டியன் மேல் பழி இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பழியை முழுசாகத் தன் தலையில் ஏற்றுக்கொண்டவனை அவள் உறவாகத் தேர்ந்துகொண்டாள் என்பேன்.

"அப்போ பொறுப்புன்னா சாகணுமா பெரியம்மா?" என்றாள் அதே பெண்.

கூடாது. அதனால்தான் ஐயையைப் பார்க்கச் சொன்னேன். தாயைத் தீக்குக் கொடுத்த பிறகும், முன்பின் தெரியாத புகார்ப் பெண்களோடு அவள் வஞ்சிக்குக் கிளம்புகிறாள். அம்மா ஏற்ற கடனை உயிரோடு இருந்து தீர்க்கிறவள் அவள். பதினைந்து வயதுக்கு இந்தக் காப்பியத்தில் கற்றுக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் அவள்தான்.

பலருக்குச் சிலம்பு, கண்ணகி பாண்டியனிடம் நீதி கேட்கும் வழக்குரை காதையோடு நின்றுவிடுகிறது. கோபம் மட்டும் மனதில் தங்குகிறது. வீட்டில் பதின்ம வயதுப் பிள்ளை இருந்தால் அடைக்கலக் காதையில் தொடங்கி வாழ்த்துக் காதைவரை சத்தமாகப் படியுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள். பெறாத பிள்ளைக்குப் பொறுப்பேற்பது எப்படி என்பதைச் சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.