கடல்நீரின் மாற்றமும் ஈடுசெய்யும் கடமையும்

பிறனுக்கு இழப்பை உண்டாக்கியவன் அதனை ஈடுசெய்யக் கடமைப்பட்டவன். ஏழாம் கற்பனையைப் பற்றிய ஞானோபதேசத்தில் நாம் சிறுவயதிலேயே கற்றுக்கொண்ட உண்மை இது. களவெடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாதவன் பாவசங்கீர்த்தனம் செய்தும் பயனில்லை என்பதையும் அறிவோம். ஆனால் அறியாமற் செய்த தீங்கை யார் ஈடுசெய்வது? கோடிக்கணக்கானோர் சிறிது சிறிதாகச் சேர்ந்து செய்து, அரை நூற்றாண்டின் பின் வெளிப்படும் தீங்குக்கு யார் பொறுப்பு? கடல்நீரில் இன்று நிகழ்ந்துவரும் மாற்றம் இக்கேள்விகளை எழுப்புகின்றது.

நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் வெளிவரும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கைக் கடல் உள்வாங்குகின்றது. அது நீரிற் கரைந்து காபோனிக் அமிலமாகின்றது. கடல்நீர் இயல்பிலே காரத்தன்மை உடையது. இன்றும் அவ்வாறே உள்ளது. எனினும் அக்காரத்தன்மை குறைந்து வருகின்றது. கைத்தொழிற் புரட்சிக்கு முன் ஏறத்தாழ 8.2 ஆக இருந்த மேற்பரப்பு நீரின் பி.எச். பெறுமானம் இப்போது 8.1 க்கு அண்மையில் நிற்கின்றது. இது அற்பமான வேறுபாடு போலத் தோன்றும். ஆனால் அந்த அளவுகோலில் ஒரு படி என்பது பத்து மடங்கு. ஆகையால் இச்சிறு இறக்கத்தின் பொருள், நீரிலுள்ள ஐதரசன் அயன்கள் ஏறத்தாழ 30 வீதம் பெருகிவிட்டன என்பதே. சிப்பிகளும் முருகைகளும் தம் ஓட்டையும் கூட்டையும் கட்டுவதற்குத் தேவையான காபனேற்றை இந்த அயன்கள் பிடித்துக்கொள்கின்றன. சிப்பி ஓட்டின்மேல் தேசிக்காய்ப் புளி விட்டால் அது நுரைத்துக் கரையும். கடலில் நிகழ்வது அத்துணைக் கடுமையானதன்று. ஆயினும் அதே வகையைச் சேர்ந்தது.

ஐக்கிய அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஒறிகன் மாநிலத்தின் நெற்றாட்ஸ் குடாவருகே, சிப்பிக் குஞ்சுகளைப் பொரிக்கச் செய்து வளர்ப்பாளருக்கு விற்கும் விஸ்கி கிறீக் என்னும் நிலையம் உள்ளது. 2007 ஆம் ஆண்டளவில் அங்கே குஞ்சுகள் கோடிக்கணக்கில் மடிந்தன. ஒருவகைப் பற்றீரியாவே காரணம் என்று முதலில் எண்ணி நீரைச் சுத்திகரித்துப் பார்த்தார்கள், சாவு நிற்கவில்லை. பின்னர் விஞ்ஞானிகளோடு சேர்ந்து நீரை அளந்தபோதுதான் உண்மை தெரிந்தது. வடக்கிலிருந்து காற்று வீசும் கோடைகாலத்தில் மேல்நீர் கரையை விட்டு விலக, ஆழத்திலுள்ள குளிர்நீர் மேலெழுகின்றது. காபனீரொட்சைட்டு மிகுந்த அந்நீர் குடாவினுட் புகும் நாட்களிலேயே குஞ்சுகள் மடிந்தன. கருவுற்ற முட்டையிலிருந்து தோன்றும் குஞ்சு முதல் இரண்டு நாட்களுக்குள் தன் முதல் ஓட்டைக் கட்டிவிட வேண்டும். அதற்குத் தேவையான பலம் முட்டையிலிருந்து கிடைத்த சிறிதளவே. நீர் பகைத்து நிற்கும்போது அப்பலம் முழுவதும் ஓடு கட்டுவதிலேயே செலவாகிவிட, குஞ்சு இறக்கின்றது. இவ்வாய்வு 2012 இல் வெளியிடப்பட்டது.

நம் சிந்தனைக்குரிய விடயம் யாதெனில், மேலெழும் அந்நீரின் வயது. 2007 இல் அக்கரையோரம் முழுவதும் கப்பலிற் சென்று ஆராய்ந்த அறிஞர்கள், அந்நீர் கடைசியாக வளியைத் தொட்டது ஏறத்தாழ 50 ஆண்டுகளுக்கு முன்னர் என்று கணித்தார்கள். ஆழ்நீரில் காபனீரொட்சைட்டு இயற்கையாகவே மிகுதியாக உண்டு. 1950 களின் மனிதர் எரித்ததிலிருந்து வந்த பங்கும் அதனோடு சேர்ந்தபோது, குஞ்சுகளால் தாங்கமுடியாத எல்லையை நீர் கடந்துவிட்டது. எரித்தவர்களிற் பலர் இன்று உயிரோடு இல்லை. தாம் எரிப்பது ஒரு சிப்பிக் குஞ்சைக் கொல்லும் என்று அவர்கள் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்கள். அவ்வாறே, இன்று வெளியேறும் புகையின் ஒரு பங்கும் நம் பேரப்பிள்ளைகளின் காலத்தில் அக்கரையில் மேலெழும்.

அறியாதவர்மேற் பாவம் சுமத்துவது நீதியன்று. முழு அறிவும் முழுச் சம்மதமும் இன்றிச் சாவான பாவம் இல்லை என்பதே திருச்சபையின் போதனை. எனினும் குற்றம் வேறு, ஈடுசெய்யும் கடமை வேறு. ஒருவன் மூட்டிய நெருப்பு முட்செடிகளிற் பற்றி அயலானின் தானியத்தை எரித்துவிட்டால், மூட்டியவனே ஈடுசெய்ய வேண்டும் என்கின்றது யாத்திராகமத்திலுள்ள சட்டம். கெட்ட எண்ணத்தோடு மூட்டினானா என்று அங்கே கேட்கப்படவில்லை.

நாம் நன்கறிந்த உதாரணம் ஒன்றை எடுப்போம். தகப்பன் வேலியை அயற்காணிக்குள் தள்ளி அடைத்துவிட்டு இறந்துபோகின்றார். மகன் பல ஆண்டுகள் கழித்துப் பழைய உறுதியை வாசிக்கும்போதே அதனை அறிகின்றான். வேலியைத் தள்ளிய பாவம் அவனுடையதன்று. ஆனால் உறுதியை வாசித்த நாள் தொடக்கம் அந்நிலத்தை வைத்திருப்பது அவனுடைய செயலாகின்றது. 'நானா அடைத்தேன்?' என்ற கேள்வி அதன்பின் செல்லாது. மலிவான நிலக்கரியாலும் எண்ணெயாலும் உண்டான வசதிகளை முதுசமாகப் பெற்றுள்ள இன்றைய உலகம் அந்த மகனின் நிலையிலேயே இருக்கின்றது. கடலின் அமிலமாதல் பற்றிய ஆய்வுகள் இருபது ஆண்டுகளாகத் தெளிவாகப் பேசுகின்றன. உறுதி வாசிக்கப்பட்டுவிட்டது.

ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. இலங்கையர் ஒருவர் ஆண்டில் வெளியேற்றும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ ஒரு தொன். அமெரிக்கர் ஒருவர் வெளியேற்றுவதோ ஏறத்தாழ 14 தொன். சிறிய வள்ளத்தில் மண்ணெண்ணெய் இயந்திரத்தோடு தொழிலுக்குப் போகும் மீனவரையும் பெரும் செல்வரையும் ஒரே தட்டில் நிறுத்தலாமா? நிறுத்தக்கூடாது. 'எல்லோரும் குற்றவாளிகளே' என்று பொதுப்படப் பேசுவது உண்மையில் எவரையும் பொறுப்பேற்க விடாத பேச்சு. புனித இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1984 இல் சமூகப் பாவத்தைப் பற்றி எழுதியபோது, அது ஆளற்ற ஒன்றன்று, தனிமனிதரின் பல பாவங்கள் திரண்டதே என்று விளக்கினார். பாப்பரசர் பிரான்சிஸ் 2015 இல் விடுத்த சுற்றுமடலில் கடல்கள் அமிலமாவதைக் குறிப்பிட்டதோடு, செல்வ நாடுகள் ஏழை நாடுகளுக்குச் சூழலியற் கடன் பட்டிருக்கின்றன என்றும் கூறினார். அதிகம் எடுத்தவர் அதிகம் திருப்பவேண்டும். சக்கேயு தான் வஞ்சித்ததை நாலு மடங்காகத் திருப்ப முன்வந்தது அவன் எடுத்திருந்ததனாலேயே.

ஆயினும் பெரிய கடனாளி கொடுக்கும்வரை சிறிய கடனாளி காத்திருக்கலாம் என்று நீதி சொல்வதில்லை. பொங்குமுகங்களிலும் களப்புகளிலும் நீரைக் கெடுப்பது தூரத்துப் புகை மட்டுமன்று. வயலிலிருந்து வழியும் பசளையும் ஊர்க் கழிவும் அங்கே சேர, அல்காக்கள் மிதமிஞ்சிப் பெருகுகின்றன. அவை செத்து அழுகும்போது ஒட்சிசன் குறைந்து காபனீரொட்சைட்டு மிகுகின்றது. அமெரிக்காவின் செசப்பீக் குடாவில் இது நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகின்றது. நம் குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதாக ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. மண்ணில் நாம் மிகையாக இடும் பசளை இட்ட இடத்தில் நிற்பதில்லை என்பதற்கு இதுவே சான்று. தேவைக்கு மேற் பசளை இடாதிருத்தலும், கழிவை வாய்க்காலில் விடாதிருத்தலும், கண்டற் காட்டையும் கடற்புல்லையும் அழிக்காதிருத்தலும் எவருடைய அனுமதிக்கும் காத்திராமல் நாம் செய்யக்கூடியவை.

நெற்றாட்ஸ் குடாவில் இப்போது தொட்டிநீருக்குச் சோடியம் காபனேற்றுச் சேர்க்கிறார்கள். கடற்புற்கள் பகலொளியில் காபனீரொட்சைட்டை உறிஞ்சிக்கொள்வதால், காலை நீரை விட்டு மாலை நீரை எடுக்கிறார்கள். குஞ்சுகள் மீண்டும் பிழைக்கின்றன. ஆனால் இப்பரிகாரம் தொட்டிக்குள் இருப்பவற்றுக்கே உதவும். வெளியே திறந்த கடலில் முட்டையிடும் சிப்பிக்குச் சோடா இடுவார் எவருமில்லை. அதற்குச் செய்யக்கூடிய ஈடு ஒன்றே: எரிப்பதைக் குறைத்தல். வல்லரசுகளிடம் அதனைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. நம் பங்கு எவ்வளவு சிறியதாயினும் அதனைக் கொடுத்துக்கொண்டே கேட்போமாக.