விளம்புதல்

மார்கழி பாதியில் கம்பைநல்லூர்க் கடைவீதிக்குப் போனால், மளிகைக் கடைக் கல்லாவின் ஓரத்தில் புதுத் தினசரி காலண்டர்கள் அடுக்கியிருக்கும். சாமான் வாங்கிப் பையைத் தூக்கியவரிடம், "அண்ணா, காலண்டர் எடுத்துக்கோங்க" என்று கடைக்காரர் ஒன்றை நீட்டுவார். மேலே முருகன், நடுவே தேதித்தாள் கட்டு, அடியில் கடையின் பெயரும் கைப்பேசி எண்ணும். சிவகாசியில் ஆடிப்பெருக்கன்றே இதற்கான மாதிரி ஆல்பம் வெளியாகிவிடுகிறது. ஆடிப்பட்டத்து விதைப்பு நிலத்துக்கு மட்டும் இல்லை போலும்.

அந்த அட்டை இனி ஓராண்டு அடுத்தவர் வீட்டுச் சுவரில் குடியிருக்கும். நல்ல நேரம் பார்க்கவும், பால் வராத நாளைச் சுழித்து வைக்கவும் வீட்டார் அதன் முன்னால் வந்து நிற்பார்கள். கடையின் பெயரைப் படிக்க எவரும் வருவதில்லை. வந்த காரியத்துக்கு நடுவே அது கண்ணில் பட்டுப் போகிறது, அவ்வளவுதான்.

பிழைக்க வந்த எவருக்கும் தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்ள வேண்டிய நெருக்கடி உண்டு. சொல்லாவிட்டால் தெரியாது; சொன்னால் தற்பெருமை. இந்தக் கூச்சத்தில் நாம் எல்லோரும் ஒருமுறையாவது நின்றிருக்கிறோம். ஆனால் நம் மொழி இந்த முடிச்சை எப்போதோ அவிழ்த்து வைத்திருக்கிறது. விளம்பரத்துக்கு வேரான 'விளம்பு' என்ற சொல்லுக்கு அறிவித்தல் என்று ஒரு பொருள். இலையில் சோறு பரிமாறுதல் என்று இன்னொரு பொருள். குமரி மாவட்டத்துப் பந்திகளில் இன்றும் சோறு விளம்பத்தான் செய்கிறார்கள். பந்தியில் விளம்புகிறவர் தன் பெயரைச் சொல்வதில்லை, அவர் கண் எதிரிலுள்ள இலையின் மேல் இருக்கிறது.

இந்த இரண்டாம் பொருளை மறந்த அறிவிப்பு என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2019 செப்டம்பரில், சென்னை பள்ளிக்கரணையில், ஒரு திருமணத்துக்காகச் சாலையின் நடுவே கட்டிய பேனர் சரிந்து, இருசக்கர வண்டியில் போன இளம்பெண் ஒருவர் லாரியில் அடிபட்டு இறந்தார். தன் முகத்தைக் காட்டும் ஆசை, எதிரே வருகிறவரும் ஒரு முகம் உடையவர் என்பதை மறைத்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறாக, திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே அல்வா விற்கும் ஒரு கடை, பெயர்ப்பலகை இல்லாமலே தலைமுறைகளைக் கடந்தது. மங்கிய விளக்கொளியில் மாலையில் சில மணி நேரமே வியாபாரம். அந்த மங்கலைப் பார்த்த ஊரார்தான் அதற்கு இருட்டுக்கடை என்று பெயர் வைத்தார்கள். எல்லோரும் இப்படி இருட்டில் உட்கார்ந்து பெயர் வாங்கிவிட முடியாது. கம்பைநல்லூரில் நேற்றுத் திறந்த தையற்கடைக்குப் பலகையும் வேண்டும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் வேண்டும். ஆனாலும் பலகையில் நாம் எழுதும் பெயர் ஒரு வேண்டுகோள் மட்டுமே. சொன்ன நாளில் ரவிக்கையைத் தைத்துக் கொடுத்ததிலும், எடை பார்த்து முடிந்த பிறகு பைக்குள் போட்ட ஒரு கை கறிவேப்பிலைக் கொசுறிலும், சில்லறை குறைந்தபோது "அப்புறம் குடுங்க" என்று சொன்ன குரலிலும் நம்மை அறிந்தவர்கள், நாம் அருகில் இல்லாத ஒரு திண்ணையில், நமக்குத் தெரியாமலே, தங்கள் சொந்த நாணயத்தைப் பணயம் வைத்து நம் பெயரை இன்னொருவரிடம் சொல்லும்போதுதான், அதுவரை நம்முடையது என்று நாம் எண்ணியிருந்த பெயர், உண்மையில் பிறர் நமக்காகத் தங்களிடம் வைத்துக் காக்கும் ஒரு பொருள் என்பது புலப்படுகிறது.

டிசம்பர் கடைசியில் தாள்கள் தீர்ந்துவிடும். பழைய அட்டையை வீட்டில் யாரும் எறிவதில்லை. பரீட்சைக்குப் போகும் பிள்ளை அதில் கிளிப்பை மாட்டி எடுத்துக்கொண்டு போகிறது. விடைத்தாளுக்குக் கீழே, பாதி மறைந்தபடி, கடையின் பெயர்.