நிறுத்திய பிறகு மிஞ்சும் சூடு

சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திய பிறகுதான், எக்ஸாஸ்டின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போசார்ஜருக்குக் கெட்ட நேரம் தொடங்குகிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் அதன் ஷாஃப்டை அதுவரை தாங்கியதும் குளிர்வித்ததும் ஆயிலின் ஓட்டம். எஞ்சின் நின்றால் ஆயில் பம்பும் நின்றுவிடும். ஆனால் எக்ஸாஸ்ட் பக்கத்து இரும்பில் ஏறியிருக்கும் சூடு நிற்பதில்லை; ஷாஃப்ட் வழியாக நடுவிலுள்ள பேரிங் கூட்டுக்குள் ஊர்ந்து வருகிறது. நன்றாக உழைத்த வண்டியைச் சட்டென்று அணைத்தால், ஓடும்போது இருந்ததைவிட நின்ற சில நிமிடங்களில்தான் பேரிங் அதிகம் கொதிக்கும். அங்கே தேங்கிய ஆயில் தீய்ந்து கரியாகப் படிகிறது.

செயல் நின்றுவிட்டால் விளைவும் நின்றுவிடுமா? செய்தவர் கையை எடுத்த பிறகு மிஞ்சுவதற்கு யார் பொறுப்பு? வேதாந்திகளும் சமணர்களும் சைவ சித்தாந்திகளும் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்ட இந்தக் கேள்வி, ஆஸ்திரேலியாவின் ஃபோர் வீல் டிரைவ் பட்டறைகளில் வேறு உருவத்தில் எழுகிறது: டர்போவுக்குத் தண்ணீர் லைன் இழுப்பதா, ஆயிலே போதுமா?

அங்கே இந்தக் கேள்வி எழப் பெரிய காரணம் டொயோட்டா லேண்ட் குரூசர். 1990இல் வந்த அதன் 1எச்இசட் டீசல் எஞ்சினுக்கு ஆறு சிலிண்டர், 4.2 லிட்டர் கொள்ளளவு. கட்டுமஸ்தானது, ஆனால் ஆலையிலிருந்து டர்போ இல்லாமல் வந்தது, ஆகவே மெதுவானது. கேரவனை இழுத்துக்கொண்டு கண்டத்தைக் கடக்க நினைப்பவர்கள் பின்னால் டர்போ வாங்கிப் பொருத்தினார்கள். குயின்ஸ்லாந்தில் பேர்ட்ஸ்வில் ஊருக்கு மேற்கே, சிம்ப்சன் பாலைவனத்தின் விளிம்பில், ‘பிக் ரெட்’ என்ற செம்மணல் மேடு இருக்கிறது. மணலில் சக்கரம் புதையப் புதைய முழு வேகம் கொடுத்து உச்சிக்கு ஏறுகிறார்கள். ஏறியதும் எஞ்சினை அணைத்துவிட்டு, இறங்கிப் படம் எடுக்கிறார்கள். டர்போவுக்கு இதைவிட மோசமான நிறுத்தம் கிடைக்காது.

தண்ணீர் லைன் என்பது எஞ்சினின் கூலன்டையே ஒரு கிளையாகப் பிரித்துப் பேரிங் கூட்டைச் சுற்றி ஓடவிடுவது. எஞ்சினுக்குள் போகும் காற்றை இது குளிர்விப்பதில்லை. அது இன்டர்கூலரின் வேலை. வாட்டர் பம்ப் அழுத்தித் தள்ளும் பக்கத்திலிருந்து கூலன்டை எடுத்து, பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் திருப்பிச் சேர்ப்பது வழக்கம். எஞ்சின் ஓடும்போது இந்த ஏற்பாட்டால் கிடைக்கும் பயன் குறைவுதான். நின்ற பிறகே அதன் உண்மையான வேலை.

தண்ணீர் நுழையும் வாய் கீழே, வெளியேறும் வாய் மேலே இருக்கும்படி டர்போவின் நடுக்கூட்டைச் சுமார் 20 பாகை திருப்பிப் பொருத்தச் சொல்கிறது டர்போ தயாரிக்கும் கேரெட் நிறுவனம். சூடேறிய தண்ணீர் இலேசாகி மேலே போகும். குளிர்ந்தது கீழிருந்து அந்த இடத்துக்கு வரும். பம்ப் இல்லை, மின்சாரம் இல்லை, ஆள் இல்லை. சூடு இருக்கும்வரை ஓட்டம் இருக்கும். ஃபோர்டு மாடல் டி கார்களில் மிகப் பெரும்பாலானவை எஞ்சினையே இப்படித்தான் குளிர்வித்தன. ஒரே நிபந்தனை, வெளியேறும் ஹோஸ் வழி முழுக்க மேல்நோக்கியே போகவேண்டும். நடுவில் ஓரிடத்தில் முதுகு வளைந்து இறங்கினால் அங்கே காற்று சிக்கும், ஓட்டம் அறுந்துவிடும்.

வினை தீர்ந்த பிறகும் எஞ்சுவதைப் பற்றிப் பேசும்போது இந்தியத் தத்துவ நூல்கள் குயவனின் சக்கரத்தை எடுத்துக்கொண்டன. ஞானம் வந்துவிட்டால் வினைகள் அழிந்துபோகுமே, பிறகு ஞானியின் உடல் மட்டும் ஏன் இருக்கிறது? குயவன் கையை எடுத்த பிறகும் சக்கரம் பழைய வேகத்தால் சுழல்வதைப் போல என்கிறது சாங்கிய காரிகை. பிரம்மசூத்திர உரையில் சங்கரரும் அதே சக்கரத்தைக் காட்டுகிறார். சேர்த்துவைத்த சஞ்சிதம் அழியும். பலன் தரத் தொடங்கிவிட்ட பிராரத்தம் அனுபவித்துத்தான் தீரும். உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரமோ, விடுபட்ட உயிர் மேலே எழுவதற்கே இந்தச் சக்கரத்தைச் சான்றாக்குகிறது. மூன்று மரபுகள், முடிவுகள் வேறு, உவமை ஒன்று.

அந்த உவமையில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. கையெடுத்த சக்கரத்தின் வேகம் குறையத்தான் செய்யும், அதிகரிக்காது. காத்திருந்தால் போதும், தானே நிற்கும். டர்போவின் எச்சம் அப்படிப்பட்டதல்ல. சூட்டை உண்டாக்கிய செயல் எதுவோ, சூட்டை எடுத்துப்போன ஓட்டத்தையும் அதுவே நடத்திக்கொண்டிருந்தது. செயலை நிறுத்தும்போது இரண்டும் சேர்ந்து நிற்கின்றன. அதனால் எச்சம் குறைவதற்கு முன்னால் கூடுகிறது. காத்திருப்பதே அங்கே கேடு.

இதன் கோர வடிவத்தை 2011 மார்ச் 11 அன்று ஜப்பான் பார்த்தது. நிலநடுக்கம் தாக்கியதும் ஃபுகுஷிமா டாயிச்சியில் ஓடிக்கொண்டிருந்த மூன்று அணு உலைகளும் விதிப்படி தாமாகவே நின்றன. ஆனால் நின்ற கணத்திலும் உலையில் முழுத் திறனின் ஏறத்தாழ 6 முதல் 7 சதவீதம் வெப்பம் எஞ்சியிருக்கும். சுமார் 50 நிமிடம் கழித்து வந்த சுனாமி, பம்புகளுக்கு மின்சாரம் தந்த டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. நிறுத்தப்பட்ட மூன்று உலைகளும் உருகின.

முதல் உலையில் பம்ப் இல்லாமல் இயற்கைச் சுழற்சியால் இயங்கும் குளிர்விப்பான் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதன் வால்வுகள் மின்சாரத்தை நம்பியிருந்தன. இருட்டில் அது திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதே ஊழியர்களுக்குத் தெளிவாகவில்லை. ஆளையோ பம்பையோ நம்பாத வடிவங்களும் உண்டு. ஏபி1000 வகை அணு உலைகள் விபத்து நேர்ந்தால் 72 மணி நேரம் மனிதக் கை படாமல் தாக்குப்பிடிக்கும்படி வடிவமைக்கப்பட்டவை. கூடங்குளத்து உலைகளிலும் எஞ்சிய வெப்பத்தைக் காற்றின் இயற்கையான ஓட்டத்தால் வெளியேற்றும் அமைப்பு உண்டு.

பட்டறைக்குத் திரும்பினால், லேண்ட் குரூசர்காரருக்கு வழிகள் மூன்று. அணைப்பதற்கு முன் ஒன்றிரண்டு நிமிடம் எஞ்சினை ஐடிலில் ஓடவிடலாம். செலவில்லாதது, ஆனால் ஒவ்வொரு முறையும் நினைவிருக்கவேண்டும். டர்போ டைமர் வைக்கலாம். சாவியை எடுத்த பிறகும் எஞ்சினைக் கொஞ்ச நேரம் அதுவே ஓட்டும். அல்லது தண்ணீர் லைன் இழுக்கலாம். முதலாவது ஓட்டுநரின் ஒழுக்கத்தை நம்புகிறது, இரண்டாவது அவருக்குப் பதிலாள் வைக்கிறது. மூன்றாவது, அவர் மறப்பார் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறது. மனக்கட்டுப்பாட்டையே உயர்ந்த வழியாகக் கருதும் மரபில் வளர்ந்தவர்களுக்கு மூன்றாவது சற்றுத் தாழ்வாகத் தோன்றலாம். ஆனால் பிக் ரெட் உச்சியில் அவசரமாகப் படம் எடுக்க இறங்கும் மனிதரை உள்ளபடி கணக்கில் எடுத்துக்கொள்வது அது ஒன்றுதான்.

அதற்காக எல்லா டர்போவுக்கும் தண்ணீர் வேண்டும் என்று பட்டறைக்காரர்கள் சொல்வதில்லை. பெட்ரோல் எஞ்சினின் எக்ஸாஸ்ட் 900 பாகை செல்சியஸைத் தாண்டும். பழைய டீசல்களில் 700ஐ ஒட்டினாலே ஓட்டுநர் காலைத் தளர்த்துவார். ஆயிலை மட்டும் நம்பி நெடுங்காலம் உழைத்த டீசல் டர்போக்கள் ஏராளம். மேலும் புதிதாகச் சேரும் ஒவ்வொரு பாஞ்சோ போல்டும் செம்பு வாஷரும் ஹோஸ் கிளிப்பும் கசியக்கூடிய இடங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை உரசும் ஹோஸ் வெடித்து கூலன்ட் கொட்டினால், டர்போவைக் காக்கப் போய் எஞ்சினையே பறிகொடுக்க நேரும். முன்னேற்பாடும் ஒரு செயல்தான். அதற்கும் எச்சம் உண்டு.

குயவனின் சக்கரம் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதை இங்கிருந்து பார்க்கலாம். பிராரத்தக் கோட்பாட்டில் வினை செய்தவரும் அதன் எச்சத்தை நுகர்பவரும் ஓர் உயிரே. நுகர்ந்து தீர்ப்பது அங்கே நியாயமான வழி, ஏனென்றால் கணக்கு அவருடையது. பழைய லேண்ட் குரூசர்கள் பல கைகள் மாறுகின்றன. ஒருவர் அணைத்த அணைப்புகளின் கரி, அடுத்து வாங்குபவரின் பேரிங்கில் படிந்திருக்கிறது. ஃபுகுஷிமாவைச் சுற்றி வீட்டைவிட்டு வெளியேறிய ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானவர்களில் பெரும்பாலோர் அந்த உலைகளை இயக்கியவர்கள் அல்லர். எச்சத்தைச் சுமப்பவர் வேறொருவராக இருக்கும்போது, கையெடுத்துவிட்டேன், இனி தானே தீரும் என்ற சக்கரத்தின் சமாதானம் செல்லாது. நிறுத்தும் வேளைக்கான ஏற்பாட்டை ஓட்டத் தொடங்கும்போதே செய்துவைக்கும் கடமை, செயலின் பகுதியாகவே செய்பவர்மேல் விழுகிறது.